ஃப்ரீசெல்: செல்லின் கடனும் காலி வரிசையின் விலையும்

தனியாளாக ஆடும் சீட்டாட்டங்கள் பலவற்றில் தோற்றால் சீட்டின் மேல் பழி போட்டுவிடலாம். கவிழ்ந்து கிடந்த சீட்டில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஃப்ரீசெல்லில் அந்தச் சாக்கு எடுபடாது. 52 சீட்டும் ஆட்டம் தொடங்கும்போதே முகம் காட்டிக் கிடக்கும். மறைவு என்று எதுவுமே கிடையாது.

1978-இல் பால் அல்ஃபீல் என்ற மருத்துவ மாணவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினிக்காக இதை எழுதினார். பிறகு ஜிம் ஹார்ன் எழுதிய மைக்ரோசாஃப்ட் பதிப்பு விண்டோஸ் 95 உடன் சேர்ந்து வீடு வீடாக நுழைந்தது. அதில் 1 முதல் 32,000 வரை எண்ணிட்ட ஆட்டங்கள். 1994-இல் டேவ் ரிங் என்பவர் இந்த ஆட்டங்களை இணையத்தில் தன்னார்வலர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து ஆடச் சொன்னார். ஒன்றே ஒன்று தவிர எல்லாவற்றையும் மனிதர்களே முடித்துக் காட்டினார்கள். மிஞ்சியது 11982. அதற்குத் தீர்வே இல்லை என்று பின்னால் கணினி நிரல்களும் உறுதி செய்தன. எண்களைப் பத்து லட்சம் வரை நீட்டிப் பார்த்தபோதும் தீராத ஆட்டங்கள் எட்டுதான், அதாவது 1,25,000-க்கு ஒன்று. ஆகவே உங்கள் முன் இருக்கும் ஆட்டம் தீரக்கூடியது என்றே வைத்துக்கொள்ளலாம். சிக்கிக்கொண்டால், பத்து நகர்த்தலுக்கு முன்னால் எங்கோ ஒரு தவறு நடந்திருக்கிறது.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எட்டு வரிசை. முதல் நான்கில் ஏழு ஏழு சீட்டு, அடுத்த நான்கில் ஆறு ஆறு. திரையில் கீழ்முனையில் இருக்கும் சீட்டைத்தான் எடுக்க முடியும். அதை நுனி என்று சொல்கிறேன், எதிர்முனையை அடி. ஒரு நுனியின் மேல் அதைவிட ஒன்று குறைந்த, நிறம் மாறிய சீட்டை வைக்கலாம். ஆட்டினும் டைமனும் சிவப்பு, கிளாவரும் ஸ்பேடும் கறுப்பு. நான்கு செல் உண்டு, ஒவ்வொன்றிலும் எந்தச் சீட்டானாலும் ஒன்று நிற்கலாம். நான்கு வீடு உண்டு, ஒவ்வொரு ஜாதியும் ஏஸில் தொடங்கி ராஜா வரை ஏறும். காலியான வரிசையில் எந்தச் சீட்டையும் வைக்கலாம், ராஜாதான் வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. க்ளோண்டைக் (பலர் வெறுமனே சாலிடேர் என்று சொல்லும் ஆட்டம்) ஆடிப் பழகியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது.

இப்போது கணக்கு. உண்மையில் ஒரு நேரத்தில் ஒரு சீட்டைத்தான் நகர்த்த முடியும். செயலி உங்களுக்காக ஐந்தாறு சீட்டை மொத்தமாகத் தூக்கி வைப்பது போலக் காட்டினாலும், உள்ளே செல்களில் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றும் வேலைதான் நடக்கிறது. எத்தனை சீட்டை இப்படிச் சேர்த்து நகர்த்தலாம்? காலி செல்களோடு ஒன்றைக் கூட்டுங்கள். ஒவ்வொரு காலி வரிசைக்கும் அதை ஒரு தடவை இரட்டியுங்கள். நான்கு செல்லும் காலி, காலி வரிசை இல்லை என்றால் 5. இரண்டு செல் காலி, ஒரு வரிசை காலி என்றால் 3-இன் இரட்டிப்பு, 6. ஒரு செல் காலி, இரண்டு வரிசை காலி என்றால் 8. போய்ச் சேரும் இடமே காலி வரிசை என்றால் அந்த வரிசையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. செயலி சீட்டை நகர்த்த மறுக்கும்போது பலர் குழம்புவது இதை மறந்துதான்.

இந்தக் கணக்கில் ஒரு செய்தி இருக்கிறது. செல் கூட்டுகிறது, காலி வரிசை பெருக்குகிறது. மூன்று செல் காலியாக இருக்கும்போது நான்காவதைக் காலி செய்தால் 4 என்பது 5 ஆகும். அதே நேரத்தில் ஒரு வரிசையைக் காலி செய்தால் 8 ஆகும். எனவே ஆட்டத்தின் முதல் பாதியில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வரிசையை எவ்வளவு மலிவாகக் காலி செய்யலாம் என்பதே. ஏஸை எடுப்பது அதற்கு அடுத்தது. பெரும்பாலும் இரண்டும் ஒரே வரிசையில் வந்து சேரும். சேராதபோது வரிசைக்கே முன்னுரிமை.

செல்லில் வைத்த சீட்டு கடன். எப்போது, எந்தச் சீட்டின் மேல் திரும்பி இறங்கப் போகிறது என்று சொல்லத் தெரிந்தால் தாராளமாக வையுங்கள், நான்கும் நிரம்பினாலும் பரவாயில்லை. சொல்லத் தெரியாவிட்டால் ஒன்றைக்கூட வைக்காதீர்கள். "செல்லை நிரப்பாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் அறிவுரை எனக்குப் பிடிக்காது. கீழே வரும் ஆட்டத்திலேயே செல்கள் ஐந்தாறு தடவை நிரம்புகின்றன, ஒரு தடவையும் சிக்கல் இல்லை.

பேசிக்கொண்டே போவதைவிட ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் எண் வரிசையின் 1-ஆம் ஆட்டம். எண் கொடுத்து ஆட்டம் எடுக்கும் வசதி உள்ள பல செயலிகள் இதே எண் வரிசையைப் பின்பற்றுகின்றன. உங்கள் செயலியில் அப்படி இல்லாவிட்டால் மேசையில் சீட்டுக்கட்டை விரித்தே அடுக்கிக்கொள்ளலாம். அடியிலிருந்து நுனி வரை இப்படி:

வரிசை 1: டைமன் ஜாக்கி, டைமன் ராஜா, ஸ்பேடு 2, கிளாவர் 4, ஸ்பேடு 3, டைமன் 6, ஸ்பேடு 6
வரிசை 2: டைமன் 2, கிளாவர் ராஜா, ஸ்பேடு ராஜா, கிளாவர் 5, டைமன் 10, ஸ்பேடு 8, கிளாவர் 9
வரிசை 3: ஆட்டின் 9, ஸ்பேடு 9, டைமன் 9, ஸ்பேடு 10, ஸ்பேடு 4, டைமன் 8, ஆட்டின் 2
வரிசை 4: கிளாவர் ஜாக்கி, ஸ்பேடு 5, டைமன் ராணி, ஆட்டின் ராணி, ஆட்டின் 10, ஸ்பேடு ராணி, ஆட்டின் 6
வரிசை 5: டைமன் 5, டைமன் ஏஸ், ஸ்பேடு ஜாக்கி, ஆட்டின் 4, ஆட்டின் 8, கிளாவர் 6
வரிசை 6: ஆட்டின் 7, கிளாவர் ராணி, ஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ், கிளாவர் 2, டைமன் 3
வரிசை 7: கிளாவர் 7, ஆட்டின் ராஜா, ஆட்டின் ஏஸ், டைமன் 4, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 8
வரிசை 8: ஆட்டின் 5, ஆட்டின் 3, கிளாவர் 3, ஸ்பேடு 7, டைமன் 7, கிளாவர் 10

கை வைப்பதற்கு முன் படிக்க வேண்டும். முதலில் ஏஸ்களும் 2-களும் எவ்வளவு ஆழத்தில் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். கிளாவர் ஏஸ் மேல் இரண்டு சீட்டு, ஸ்பேடு ஏஸ் மேல் மூன்று, இரண்டும் ஒரே ஆறாம் வரிசையில். ஆட்டின் ஏஸ் மேல் மூன்று. டைமன் ஏஸ் மேல் நான்கு. 2-களில் ஆட்டின் நுனியிலேயே நிற்கிறது, கிளாவர் மேல் ஒன்று, ஸ்பேடு மேல் நான்கு. டைமன் 2? இரண்டாம் வரிசையின் அடியில், ஆறு சீட்டுக்குக் கீழே. அந்த ஆறில் இரண்டு ராஜா.

இந்த ஒரு செய்தி ஆட்டம் முழுவதையும் தீர்மானிக்கிறது. டைமன் ஜாதி கடைசியில்தான் வீடு போகும். அதுவரை டைமன் 3, 4 போன்ற சின்னச் சீட்டுகள் வெளியே எங்காவது தங்கியாக வேண்டும். டைமன் 4 உட்காரக் கறுப்பு 5 வேண்டும். ஸ்பேடு 5 நான்காம் வரிசையில் ஐந்து சீட்டுக்குக் கீழே, கிளாவர் 5 இரண்டாம் வரிசையில் மூன்று சீட்டுக்குக் கீழே. ஆக, டைமன் 4 ஒரு தடவை செல்லுக்குள் போனால் ஆட்டம் முடியும்வரை வெளியே வராது. மூன்று செல் வைத்து ஆடும் ஆட்டம் இது என்று இப்போதே மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தொல்லை மூன்றாம் வரிசையின் அடி: மூன்று ஒன்பதுகள் ஒன்றன்மேல் ஒன்று. ஒரே எண் இப்படிக் குவிந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று உட்கார முடியாது, மூன்றுக்கும் தனித்தனிப் பத்து வேண்டும். அந்த வரிசையை இப்போதைக்கு விட்டுவைப்பதே நல்லது. மலிவான வரிசை ஆறும் ஏழும். அங்கிருந்து தொடங்கலாம்.

ஆட்டின் 2-ஐச் செல்லில் வையுங்கள். டைமன் 8 இரண்டாம் வரிசையின் கிளாவர் 9 மேல் போகும். மூன்றாம் வரிசையில் ஸ்பேடு 4 வெளிப்பட்டது. அதன் மேல் ஆறாம் வரிசையின் டைமன் 3, அதன் மேல் கிளாவர் 2. உடனே கிளாவர் ஏஸ் வீட்டுக்கு, கிளாவர் 2 அதன் பின்னால், அடுத்து ஸ்பேடு ஏஸ். செலவானது ஒரே ஒரு செல். ஆறாம் வரிசையில் மிச்சம் ஆட்டின் 7, கிளாவர் ராணி.

அந்தக் கிளாவர் ராணி இப்போது உதவிக்கு வருகிறாள். ஏழாம் வரிசையின் கிளாவர் 8 செல்லுக்கு, ஆட்டின் ஜாக்கி ராணி மேல், எட்டாம் வரிசையின் கிளாவர் 10 ஜாக்கி மேல். டைமன் 4 செல்லுக்கு, எதிர்பார்த்த கடன்தான். ஆட்டின் ஏஸ் வீட்டுக்கு, செல்லில் காத்திருந்த ஆட்டின் 2-உம் வீட்டுக்கு. செல்களில் இப்போது கிளாவர் 8, டைமன் 4.

இங்கேதான் ஒரு கண்ணி. எட்டாம் வரிசையின் நுனியில் டைமன் 7 தெரிகிறது. முதல் வரிசையின் ஸ்பேடு 6 அதன் மேல் அழகாகப் பொருந்தும். கை தானாகவே அங்கே போகும். போகக் கூடாது. எட்டாம் வரிசையின் உள்ளே பாருங்கள்: டைமன் 7, ஸ்பேடு 7, அதற்குக் கீழே கிளாவர் 3, ஆட்டின் 3. இந்த இரண்டு 3-களும் இப்போதே வீட்டுக்குப் போகத் தயார். மேலே இருக்கும் இரண்டு ஏழுகளை எடுக்க நம்மிடம் இரண்டு செல் சரியாக இருக்கிறது. ஸ்பேடு 6-ஐ அங்கே வைத்தால் எடுக்க வேண்டியது மூன்றாகும், செல் இரண்டுதான். நகர்த்த முடிகிறது என்பதற்காகவே நகர்த்தி, காலியாக வேண்டிய வரிசையை நாமே அடைப்பது ஃப்ரீசெல்லில் நடக்கும் தவறுகளில் ஆகப் பெரிது.

அதற்கு முன் ஏழாம் வரிசையை ஒழுங்கு செய்வோம். அங்கே மிச்சம் கிளாவர் 7, ஆட்டின் ராஜா. ராஜா செல்லுக்கு, கிளாவர் 7 இரண்டாம் வரிசையின் டைமன் 8 மேல் (அந்த 8-ஐ முதலிலேயே அங்கே அனுப்பிய பலன்), ராஜா மறுபடி ஏழாம் வரிசைக்கு. காலி வரிசையை உடனே ராஜாவால் அடைப்பது பொதுவாக நல்லதல்ல. ராணி நுனியில் காத்திருந்தால் மட்டும் செய்யலாம். இங்கே நான்காம் வரிசையில் ஆட்டின் 6 கிளாவர் 7 மேல் போனதும் ஸ்பேடு ராணி வெளிப்படுகிறாள். அவள் ராஜா மேல் இறங்க, ஆட்டின் 10 வெளியே வருகிறது. அந்தப் பத்து பின்னால் தேவைப்படும்.

இப்போது எட்டாம் வரிசை. டைமன் 7, ஸ்பேடு 7 இரண்டும் செல்லுக்கு, நான்கும் நிரம்பியது. கிளாவர் 3 வீட்டுக்கு, ஆட்டின் 3 வீட்டுக்கு. மிச்சமிருக்கும் ஆட்டின் 5-ஐ ஐந்தாம் வரிசையின் கிளாவர் 6 மேல் வைத்தால் எட்டாம் வரிசை காலி. அங்கே கிளாவர் 8, அதன் மேல் டைமன் 7. இரண்டு செல் திரும்பக் கிடைத்தது. பிறகு கிளாவர் 6, ஆட்டின் 5 இரண்டையும் சேர்த்து டைமன் 7 மேல் நகர்த்துங்கள்.

ஐந்தாம் வரிசையின் நுனியில் ஆட்டின் 8 தெரிகிறது, செல்லில் ஸ்பேடு 7 இருக்கிறது. பொருந்தும்தான், ஆனால் பலன் இல்லை. அந்த வரிசையைத் தோண்டப் போகிறோம், வைத்ததை அடுத்த நொடியே எடுக்க வேண்டிவரும். ஆட்டின் 8-ஐயும் செல்லுக்கு அனுப்புங்கள். ஆட்டின் 4 வீட்டுக்கு, பின்னாலேயே 5, 6. ஸ்பேடு ஜாக்கி செல்லுக்கு, நான்கும் மறுபடி நிரம்பியது. டைமன் ஏஸ் வீட்டுக்கு. டைமன் 5 எட்டாம் வரிசையின் கிளாவர் 6 மேல். ஐந்தாம் வரிசை காலி.

ஆட்டத்தின் முடிச்சு இந்த இடம்தான். செல்களில் டைமன் 4, ஸ்பேடு 7, ஆட்டின் 8, ஸ்பேடு ஜாக்கி. ஒரு வரிசை காலி. இரண்டாம் வரிசையின் கிளாவர் 9, டைமன் 8, கிளாவர் 7 மூன்றும் சேர்ந்து நகர வேண்டும், போக இடம் ஆட்டின் 10. இரண்டு வழி தெரிகிறது. ஸ்பேடு ஜாக்கியைக் காலி வரிசையில் வைத்து ஆட்டின் 10-ஐ அதன் மேல் ஏற்றலாம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காலியாவது ஒரே செல், அதை வைத்து இரண்டு சீட்டுதான் நகரும். மூன்றாவது நிற்கும். மற்ற வழி, ஆட்டின் 8-ஐக் காலி வரிசையில் வைத்து ஸ்பேடு 7-ஐ அதன் மேல் ஏற்றுவது. இரண்டு செல் காலி. மூன்று சீட்டும் ஆட்டின் 10 மேல் போய்விடும். காலி வரிசையைச் செலவழிக்கும்போதெல்லாம் இப்படி எண்ணுங்கள்: ஒரு வரிசை கொடுத்து எத்தனை செல் வாங்குகிறேன்? ஒன்றுக்கு ஒன்று என்றால் அது நஷ்ட வியாபாரம்.

அடுத்து முதல் வரிசை. ஸ்பேடு 6 செல்லுக்கு. டைமன் 6 ஐந்தாம் வரிசையின் ஸ்பேடு 7 மேல். ஸ்பேடு 3 செல்லுக்கு, மூன்றாம் தடவையாக நிரம்பியது, ஆனால் இரண்டு நகர்த்தல் தள்ளி அந்தக் கடன் தீரும் என்று தெரியும். கிளாவர் 4 வீட்டுக்கு, ஸ்பேடு 2 வீட்டுக்கு, செல்லிலிருந்து ஸ்பேடு 3 வீட்டுக்கு. மிச்சம் டைமன் ஜாக்கி, டைமன் ராஜா. ராஜா செல்லுக்கு, ஜாக்கி ஏழாம் வரிசையின் ஸ்பேடு ராணி மேல், ராஜா திரும்ப முதல் வரிசைக்கு.

ஆறாம் வரிசையில் கிளாவர் ராணி, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 10 மூன்றும் இந்த ராஜா மேல் போக வேண்டும். ஒரு செல்தான் காலி, மூன்று நகராது. கிளாவர் 10-ஐ மட்டும் பிரித்து டைமன் ஜாக்கி மேல் வையுங்கள். மிச்சம் இரண்டு, ஒரு செல் போதும். இப்படித் தொடரைப் பிரித்து இரண்டு இடங்களுக்கு அனுப்புவது பலருக்குத் தோன்றுவதில்லை. கட்டிய தொடரைக் கலைக்க மனம் வராது. ராணியும் ஜாக்கியும் போனதும் ஆட்டின் 7 வீட்டுக்கு, ஆறாம் வரிசை காலி.

இனி ஓட்டம்தான். மூன்றாம் வரிசையின் டைமன் 3 செல்லுக்கு, ஸ்பேடு 4 வீட்டுக்கு. ஸ்பேடு 10 முதல் வரிசையின் ஆட்டின் ஜாக்கி மேல். டைமன் 9 ஏழாம் வரிசையின் கிளாவர் 10 மேல், அதன் மேல் இரண்டாம் வரிசையின் ஸ்பேடு 8. செல்லிலிருந்து ஸ்பேடு ஜாக்கியை ஆறாம் வரிசையில் இறக்கி, டைமன் 10-ஐ அதன் மேலும், ஸ்பேடு 9-ஐ அந்த 10 மேலும் வையுங்கள். ஆட்டின் 9 ஸ்பேடு 10 மேல். ஒட்டிக்கிடந்த மூன்று ஒன்பதுகளுக்கும் மூன்று பத்து கிடைத்துவிட்டது, மூன்றாம் வரிசை காலி. கிளாவர் 5 வீட்டுக்கு. ஸ்பேடு ராஜா மூன்றாம் வரிசைக்கு, கிளாவர் ராஜா மிச்சமிருந்த செல்லுக்கு. அடியில் கிடந்த டைமன் 2 வீட்டுக்கு. அதன் பின்னால் 3, நெடுநேரம் செல்லில் குந்தியிருந்த 4, பிறகு 5. அதற்குப் பின் எதைத் தொட்டாலும் வீட்டுக்குத்தான் போகும்.

வீட்டுக்கு அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. பல செயலிகள் சீட்டுகளைத் தானாகவே வீட்டுக்கு ஏற்றிவிடும். ஏஸும் 2-உம் போகலாம், கெடுதல் இல்லை. அதற்கு மேல் ஒரு சோதனை: அதைவிட ஒன்று குறைந்த எதிர்நிறச் சீட்டு இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அனுப்பலாம். இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும். ஆட்டின் 5 வீட்டுக்குப் போய்விட்டால், வெளியே நிற்கும் ஒரு கறுப்பு 4 உட்கார டைமன் 5 ஒன்றுதான் மிச்சம். அது புதைந்திருந்தால் அந்த 4 செல்லுக்குத்தான் போகும். எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக ஏற்றும் செயலி என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். மறுபக்கம், சோதனையில் தேறாத சீட்டையும் சில சமயம் அனுப்பத்தான் வேண்டும். மேலே ஆட்டின் 6-ஐ அனுப்பினோம், அப்போது கறுப்பு 5 இரண்டும் வெளியே. அனுப்பாமல் விட்டிருந்தால் கிளாவர் 9-இல் தொடங்கும் தொடர் நான்கு சீட்டாக இருந்திருக்கும், இரண்டு செல்லை வைத்து நகர்ந்திருக்காது.

பழகும் முறையில் பெரும்பாலானோர் செய்வது, தோற்றவுடன் புதிய ஆட்டம் எடுப்பது. அதில் எதுவும் கற்க முடியாது. அதே எண்ணைத் திரும்ப எடுங்கள். பின்னோக்கிச் செல்லும் பொத்தானை ஒரு அடி இரண்டு அடி என்று அழுத்தி அங்கேயே முட்டிக்கொள்வதும் வீண். சிக்கிய இடத்தில் செல்களைப் பாருங்கள். எந்தச் சீட்டு அங்கே அதிக நேரமாக உட்கார்ந்திருக்கிறது? அது செல்லுக்குள் போன நகர்த்தல் வரை திரும்பிப் போங்கள். தவறு அநேகமாக அதற்கு ஓரிரு அடி முன்னாலோ அங்கேயோ இருக்கும். செல்களில் தவறு எதுவும் தெரியவில்லை என்றால், ஒரு வரிசை கடைசியாகக் காலியாக இருந்த இடத்துக்குப் போய், அதில் என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள்.

ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு நிமிடம் எதையும் தொடாமல் இருப்பது இன்னொரு பயிற்சி. ஏஸ், 2 ஆழம் எண்ணுவது, எந்த ஜாதி கடைசியில் வரும் என்று கண்டுபிடிப்பது, ராஜாக்கள் எங்கே என்று பார்ப்பது. அடியிலேயே உட்கார்ந்திருக்கும் ராஜா பிரச்சினை இல்லை, அந்த வரிசையைக் காலி செய்ய வேண்டிய அவசியமே இல்லை, அதன் மேல் ராணியிலிருந்து கட்டிக்கொண்டு வரலாம். நடுவில் கிடக்கும் ராஜாதான் இடம் கேட்பான். ஒரு வரிசையில் இரண்டு ராஜா நடுவில் இருந்தால் (மேலே இரண்டாம் வரிசை போல) அதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். கடிகாரம் ஓடும் வகைப் போட்டி ஆட்டங்களைப் பழகும் காலத்தில் தொடவே வேண்டாம். வேகம் படிக்கும் பழக்கத்தைக் கெடுக்கும்.

நான்கு செல்லில் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஜெயிக்க வந்துவிட்டால் ஒரு செல்லை மூடிவிட்டதாக நினைத்து மூன்றில் ஆடுங்கள். மூன்று செல்லிலும் பெரும்பாலான ஆட்டங்கள் தீரும். மேசையில் சீட்டுக்கட்டு வைத்து ஆடினால் இது இன்னும் எளிது: நான்காவது செல் இருக்க வேண்டிய இடத்தில் ஜோக்கரைக் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள், அது அங்கேயே கிடக்கட்டும்.